பொலிஸ் நிறுத்த எடையும் பகுப்பாய்வாளர் சொல்லும் எடையும்

கேள்வி: என் மகனுக்கு 21 வயது. நெல்லியடிப் பக்கம் சிநேகிதனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து வந்தபோது மறித்துச் சோதித்திருக்கிறார்கள். சீற்றுக்குக் கீழே 3 கிராம் 200 மில்லிகிராம் ஹெரோயின் இருந்ததாம். இரண்டு பேருக்கும் 14 நாள் விளக்கமறியல். 2 கிராமுக்கு மேல் என்றால் தூக்கு என்று சனம் பயமுறுத்துகிறது. ஒருவர் வந்து, காசு தந்தால் அடுத்த தவணையிலேயே நீதவானிடம் பிணை எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். நான் என்ன செய்ய?
ஒரு தாய், வடமராட்சி

பதில்: அம்மா, முதலில் அந்த ஆளைப் படலைக்கு வெளியே நிறுத்துங்கள். உங்கள் மகன் மீது சொல்லப்படுவது நஞ்சு, அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தின் 54அ பிரிவுக் குற்றம் என்றால், பிணை கொடுக்கும் அதிகாரம் நீதவானுக்கே இல்லை. 83ஆம் பிரிவின்படி மேல் நீதிமன்றம்தான் கொடுக்கலாம், அதுவும் விதிவிலக்கான சூழ்நிலை இருந்தால். தூய அளவு, அதாவது கலப்படம் போக மிஞ்சும் அசல் பொருள், 10 கிராம் அல்லது அதற்கு மேல் என்றால், மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போகவேண்டும். இல்லாத சாமானை விற்க வந்திருக்கிறார் அவர்.

அடுத்து, தூக்குப் பேச்சு. சட்டம் 1929ஆம் ஆண்டினது. 1984 திருத்தம்தான் 2 கிராம் அல்லது அதற்கு மேற்பட்ட ஹெரோயினுக்கு மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்று வைத்தது. 2022இல் ஐஸ் எனப்படும் மெதம்பெட்டமினையும் சேர்த்து, அதற்கு 5 கிராம் என்று எல்லை போட்டார்கள். தீர்ப்பில் மரண தண்டனை எழுதினாலும் 1976க்குப் பிறகு இலங்கையில் யாரையும் தூக்கிலிடவில்லை. 2019இல் நான்கு போதைப்பொருள் கைதிகளைத் தூக்கிலிட அப்போதைய ஜனாதிபதி கையெழுத்திட்டார். உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. ஆனாலும் ஆயுள் தண்டனை சின்ன விஷயமில்லை. ஆகவே சனத்தின் கதையை விட்டு வழக்குக்கு வருவோம்.

நீங்கள் எழுதிய 3 கிராம் 200 என்பது பொலிஸ் தராசு காட்டியது. கலப்படத் தூளும் அதற்குள்தான். பொதி முத்திரையிடப்பட்டு அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்குப் போகும். அங்கே அசல் ஹெரோயின் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வார்கள். 3 கிராம் தூளுக்குள் 1 கிராம்கூட அசல் இல்லாமல் போவது புதினமல்ல. தண்டனை எந்தப் படியில் நிற்கும் என்பது பெரும்பாலும் அந்த ஒற்றை எண்ணில் தொங்குகிறது. அறிக்கை வர மாதக்கணக்கில் ஆகும். அந்தத் தாமதத்தையும் அறிக்கையில் வரும் குறைந்த அளவையும் வைத்துத்தான் பிணைக்கு வாதாடுவோம். தாய்க்குச் சுகமில்லை, தங்கை படிக்கிறாள் என்பதை நீதிபதி கேட்பார், ஆனால் அது மட்டும் போதாது.

இனி உங்கள் மகனின் பங்கு. மோட்டார் சைக்கிள் அவருடையதல்ல, திறப்பு மற்றவரின் கையில், பொதி சீற்றுக்குக் கீழே. பொருள் இருப்பது அவருக்குத் தெரியும், அது அவருடைய பிடியில் இருந்தது என்பதை வழக்குத்தொடுநர்தான் நிரூபிக்கவேண்டும். இங்கேதான் ஒரு தப்பு நடக்கும். செலவைப் பிரிக்கலாம் என்று சிநேகிதனின் வீட்டார் வந்து, இரண்டு பேருக்கும் ஒரே சட்டத்தரணியைப் பிடிப்போம் என்பார்கள். சம்மதிக்காதீர்கள். "எனக்குத் தெரியாது, அது அவனுடையது" என்று உங்கள் மகன் சொல்லவேண்டிவரும். இரண்டு பேருக்கும் சேர்த்து நிற்கும் சட்டத்தரணி அதை எப்படிச் சொல்வார்?

மகனைப் பார்க்கும்போது, பொலிஸில் எதற்குக் கையெழுத்து வைத்தார், அது எந்த மொழியில் இருந்தது, வாசித்து விளங்கப்படுத்தினார்களா என்று கேட்டுச் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். பொலிஸிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் சாட்சியாக ஏற்கப்படாது. ஆனால் 'அந்த இடத்தில் இருக்கிறது' என்று சொல்லி அங்கே பொருள் எடுக்கப்பட்டால், அந்தத் துண்டு மட்டும் சாட்சியச் சட்டத்தின் 27ஆம் பிரிவின் கீழ் உள்ளே வந்துவிடும். மறித்த இடத்துக்குப் பக்கத்துக் கடைகளில் கமெரா இருந்தால் பதிவு அழிய முன்னர் சட்டத்தரணி ஊடாகக் கேளுங்கள். அடித்திருந்தால் அடுத்த தவணையில் நீதவானிடமே சொல்லி, சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டும்படி கேட்கவேண்டும். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாணப் பணிமனைக்கு ஒரு மாதத்துக்குள் போய்விடுங்கள். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போடவும் அதே ஒரு மாதம்தான்.

கையில் காசில்லை என்றால் யாழ்ப்பாணத்திலேயே சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

கேள்வி: கொஞ்சம் கஞ்சாவோடு தம்பி பிடிபட்டான். குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டப்பணத்தோடு முடியும் என்கிறார்கள். முடித்துவிடவா? கனடாவுக்கு அலுவல் பார்க்கிறோம்.
கொக்குவில் வாசகர்

பதில்: தண்டப்பணம் கட்டினாலும் அது குற்றத்தீர்ப்புத்தான். விசாவுக்குப் பொலிஸ் அறிக்கை கேட்கும்போது அது எட்டிப் பார்க்கும், விண்ணப்பத்திலும் மறைக்க முடியாது. கனடாவில் பிறகு அதைப்பற்றி விளக்கம் எழுதும் செலவு இன்றைய தண்டப்பணத்தைவிடக் கனக்க. சரி, உண்மையிலேயே குற்றம் செய்திருந்தால் ஒப்புக்கொள்வது அவருடைய முடிவு. ஆனால் நீதிமன்ற வாசலில் நின்று அவசரத்தில் எடுக்கும் முடிவாக அது இருக்கக்கூடாது. முதலில் முறைப்பாட்டின் பிரதியை வாங்கி வாசியுங்கள்.

கேள்வி: அண்ணா ஐஸ் பாவிக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பொலிஸுக்குக் காட்டிக்கொடுத்ததாகிவிடுமா?
பெயர் வேண்டாம்

பதில்: இல்லை, தங்கச்சி. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் போய்க் கதையுங்கள், அவர் வர மறுத்தால் முதலில் நீங்கள் மட்டும் போங்கள். போதைக்கு அடிமையானவர்களின் சிகிச்சைக்கென்றே 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. தானாக விரும்பிச் சிகிச்சைக்குப் போகவும் அதில் வழி உண்டு. நீதிமன்றம் கட்டாய சிகிச்சைக்கு அனுப்புவதும் அதன் கீழ்தான், ஆனால் அது பிடிபட்ட பிறகு நடப்பது. ஒன்று மட்டும்: போகும்போது அவருடைய சட்டைப் பையைப் பார்த்துவிட்டுக் கூட்டிப்போங்கள்.