குமிழி நின்றால் என்ன அர்த்தம்?

கேள்வி: 29 வாரத்தில் பிறந்த எங்கள் மகனுக்கு மூக்கில் குழல் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில் ஓயாமல் குமிழி விடுகிறது. ஆக்சிஜன் 21 சதவீதம்தானாம். குறைவாகக் கொடுக்கிறார்களோ? இடையிடையே குமிழி நின்றால் மனம் பதறுகிறது.

பதில்: 21 சதவீதம் என்பது நாம் எல்லோரும் சுவாசிக்கும் காற்றில் உள்ள அளவுதான். அதிலேயே உங்கள் மகன் சமாளிக்கிறான் என்றால் மகிழுங்கள். மூக்கு வழியே காற்றை விடாத அழுத்தத்தோடு செலுத்தும் இந்த ‘பபிள் சிபாப்’ முறையில் முக்கிய சிகிச்சை அழுத்தம், ஆக்சிஜன் தேவைக்கேற்பத்தான். நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட், சுமார் 35 வாரத்தில்தான் போதுமான அளவு சுரக்கிறது. அது இல்லாத குழந்தைக்கு மூச்சை விடும்போதெல்லாம் காற்றறைகள் மூடிக்கொள்ளும். மூடியதைத் திறந்து திறந்தே களைத்துப்போகும். காற்று வெளியேறும் குழாயின் முனை தண்ணீருக்குள் 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால், ஏறக்குறைய அவ்வளவு அழுத்தம் உள்ளே தங்கி அறைகளை மூடவிடாது.

குமிழி நின்றால் எங்கோ கசிகிறது. பெரும்பாலும் குழந்தை வாயைத் திறந்திருக்கும். அல்லது குழல் நழுவியிருக்கும், துவாரத்துக்குச் சிறியதாக இருக்கும், எங்காவது இணைப்பு கழன்றிருக்கும். செவிலியர் வாயை மெல்ல மூடிப் பார்ப்பார். குமிழி திரும்பினால் கசிவு அங்கேதான். நீங்களாகக் குழலைத் தொடாதீர்கள், உடனே கூப்பிடுங்கள்.

குமிழி வருகிறதே என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. மூக்கில் சளி அடைத்தாலும் பாட்டிலில் குமிழி வரும், காற்று மட்டும் குழந்தைக்குப் போகாது. ஆகவே விலா எலும்புக்கு இடையே சதை உள்வாங்குகிறதா, முனகல் கேட்கிறதா என்று குழந்தையைப் பாருங்கள். குழலுக்கும் மூக்கின் நடுத்தண்டுக்கும் இடையே 2 மி.மீ. இடைவெளி வேண்டும், அழுத்தினால் அங்கே சிவந்து புண்ணாகிவிடும்.

கூடுதல் ஆக்சிஜன் தேவைப்பட்டால், ரத்தத்தில் அதன் அளவு 90 முதல் 95 சதவீதத்துக்குள் நிற்கும்படி கொடுப்பார்கள். அதற்கு மேல் ஏறினால் விழித்திரைக்குக் கேடு. பிறந்து நான்கு வாரம் ஆகும்போது கண் பரிசோதனையைத் தயவுசெய்து தவறவிடாதீர்கள்.

கேள்வி: சிபாப் வைத்ததிலிருந்து குழந்தையின் வயிறு உப்பியிருக்கிறதே?

பதில்: காற்றில் ஒரு பங்கு இரைப்பைக்கும் போகிறது. அது வெளியேற, வாய்வழியே இரைப்பைக்குச் செல்லும் மெல்லிய குழாயின் மேல்முனையைத் திறந்துவைப்பார்கள். வயிறு மெத்தென்று இருந்தால் பயமில்லை. இறுகினாலோ, பச்சையாக வாந்தி வந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ அது வெறும் காற்றல்ல. அந்த நிமிடமே மருத்துவரிடம் சொல்லுங்கள்.