கோழித் தீவனக் கடையில் கிடைக்கும் வைட்டமின் கலவை ஜிலேபி மீனுக்குப் போதுமா?

உங்கள் குட்டையின் அடியில் மண் இருக்கிறதா, தார்பாலின் இருக்கிறதா என்பதை நீங்கள் எழுதவில்லை. 30 சதவீதப் புரதம் வரும்படி ஜிலேபி என்கிற திலேப்பியாவுக்கு வீட்டிலேயே தீவனம் கலப்பது எப்படி என்றும், வைட்டமினுக்கு நாமக்கல்லில் கோழித் தீவனக் கடைகளில் விற்கும் கலவையைச் சேர்த்தால் போதுமா என்றும் மட்டும் கேட்டிருக்கிறீர்கள். நிறுவனத் தீவன மூட்டையின் விலையைப் பார்த்து மலைத்துப்போய், புண்ணாக்கும் தவிடும் நம் ஊரில் கிடைக்காததா என்ற எண்ணத்தில் கேட்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். நானும் அதே எண்ணத்தில்தான் தொடங்கினேன். இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரியாமல் ஒரு குட்டை மீனைக் கெடுத்தவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் மீன்வளம் படித்தவன் அல்லன். ஆத்தூர் பக்கம் மரவள்ளி பயிரிடும் விவசாயி. படித்தவர்கள் என் கணக்கில் பிழை கண்டால் திருத்தட்டும், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ‘நிறுவனத் தீவனத்துக்கு ஆள் பிடிக்கிறான்’ என்று யாரும் சொல்ல வேண்டாம். இன்றைக்கும் என் மண் குட்டைக்கு நானே அரைத்த தீவனத்தைத்தான் போடுகிறேன்.

முதல் கேள்விக்கு விடை எளிது. ‘பியர்சன் சதுரம்’ என்று ஒரு கணக்கு உண்டு. சோயாப் புண்ணாக்கில் புரதம் 46, தவிட்டில் 12, நமக்கு வேண்டியது 30 என்றால், 30-இல் 12 போக 18 பங்கு சோயா, 46-இல் 30 போக 16 பங்கு தவிடு. ஆக 34 பங்கில் 18 சோயா, 16 தவிடு. ஐந்தாம் வகுப்புக் குழந்தைகூடப் போட்டுவிடும். நான் ஒரு நாள் பயிற்சி ஒன்றுக்குக் கட்டணம் கட்டிப் போய்க் கற்று வந்ததும் இந்தச் சதுரத்தைத்தான். கூடவே ஒரு பக்க ஜெராக்ஸ் கொடுத்தார்கள். அதன்படி 100 கிலோவுக்குக் கடலைப் புண்ணாக்கு 40, கருவாட்டுத் தூள் 20, தவிடு 29, மரவள்ளி மாவு 10 கிலோ. கடைசி வரியில் ‘வைட்டமின் கலவை 1 கிலோ’. கூட்டிப் பார்த்தால் புரதம் 29.5 வந்தது. எந்த விலங்குக்கான வைட்டமின் கலவை என்று அந்தத் தாளில் ஒரு சொல் இல்லை; கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. நாமக்கல் பக்கத்தில் இருக்கும்போது வைட்டமின் கலவை என்றால் கோழிக் கலவைதானே என்று வாங்கி வந்துவிட்டேன்.

2021-இல் அரை ஏக்கர் மண் குட்டையில் இந்தத் தீவனத்தைப் போட்டேன். மரவள்ளி மாவைக் கஞ்சி போல் காய்ச்சிப் பசையாக்கி, மற்றவற்றை அதில் பிசைந்து, இடியாப்ப உழக்கைப் பெரிதாக்கியது போன்ற ஒரு கை இயந்திரத்தில் பிழிந்து, களத்தில் இரண்டு நாள் காயவைத்து உடைத்துக்கொள்வேன். சாணம் கரைத்துவிட்டதில் தண்ணீர் பாசிப்பயறு நிறத்தில் இருந்தது. ஒரு கிலோ மீனுக்கு 1.6 கிலோ தீவனம்தான் செலவாயிற்று. ஊரில் நான்கு பேருக்கு நானே அந்த ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

மறு ஆண்டு 10 சென்ட் பரப்பில் தார்பாலின் விரித்துப் பண்ணைக்குட்டை ஒன்று அமைத்து, ஆழ்துளைக் கிணற்று நீரை நிரப்பி, தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் பொருத்தி, 5 கிராம் எடையில் 4,000 குஞ்சுகளை விட்டேன். சாணம் போடவில்லை, பசுமை ஏறும்போதெல்லாம் கால்பங்கு நீரை வெளியேற்றிப் புதுநீர் விட்டேன். அடி தெரியும் அளவுக்குத் தண்ணீர் தெளிவாக இருந்ததைப் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டேன். அந்தத் தெளிவுதான் என் மீன்களைப் பட்டினி போட்டுக்கொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியாது.

பத்தாவது வாரம் எடை பார்க்க வீச்சு வலை போட்டோம். கையில் எடுத்த முதல் மீனே நேராக இல்லை. முதுகுத் துடுப்புக்குக் கீழே உடல் ஒரு பக்கமாக ஒடிந்து, வால் பகுதி திரும்பி நின்றது. விரலால் தடவினால் முதுகெலும்பு முடிச்சு போல் தட்டுப்பட்டது. இன்னொன்றில் நெஞ்சுத் துடுப்பின் அடியில் குங்குமம் வைத்தது போல் இரத்தக் கசிவு. ஐம்பது மீனில் ஒன்பது இப்படி. வழக்கமாக வாங்கும் வியாபாரி ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “அண்ணே, இது மீனா, கொக்கியா?” என்று கேட்டார். அவர் நக்கலாகக் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலித்தது.

நோய் என்று நினைத்து உப்புப் போட்டேன், மஞ்சள் கரைத்தேன், பக்கத்துக் கடையில் கொடுத்த ஏதோ ஒரு மருந்தையும் ஊற்றினேன். கடைசியில் மீன்வளக் கல்லூரி ஆசிரியர் ஒருவரிடம் மீனையும் தீவனத்தையும் வைட்டமின் பொட்டலத்தையும் எடுத்துப் போனேன். அவர் மீனை ஒருமுறை பார்த்தார். பொட்டலத்தின் பின்புறத்தைத்தான் நெடுநேரம் படித்தார். ஏ, டி3, ஈ, கே, பி வரிசை எல்லாம் இருந்தன. “சி எங்கே?” என்றார்.

கோழிக்கு வைட்டமின் சி-யைத் தீவனத்தில் கொடுக்க வேண்டியதில்லை. தன் சிறுநீரகத்திலேயே அதைத் தயாரித்துக்கொள்ளும். ஆகவே கோழிக்கான கலவையில் அதைப் பொதுவாகச் சேர்ப்பதில்லை. அது கலவை தயாரித்தவர் குற்றமும் அன்று. திலேப்பியாவுக்கோ, நம்மைப் போலவே, அதைத் தயாரிக்கும் கடைசி நொதி கிடையாது. வெளியிலிருந்து கிடைத்தே ஆக வேண்டும். எலும்பையும் தோலையும் இழுத்துக் கட்டும் கொலாஜன் என்ற புரதம் வைட்டமின் சி இல்லாமல் சரியாக உருவாகாது. குஞ்சாக இருந்து வேகமாக வளரும் மாதங்களில் அது இல்லாமல் போனால் முதுகெலும்பு வளைகிறது, நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசிகின்றன. அப்படியானால் முதல் ஆண்டு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று கேட்டேன். “அந்தக் குட்டையில் பச்சைத் தண்ணீர்தான் உங்கள் வைட்டமின் கலவை” என்றார். பாசியையும் நுண்ணுயிர்களையும் நாள் முழுக்க மேய்வது திலேப்பியாவின் பிறவிக் குணம். மண் குட்டையில் என் தீவனத்தின் ஓட்டைகளையெல்லாம் அந்த மேய்ச்சல் அடைத்துக்கொண்டிருந்தது. தார்பாலின் குட்டையில் நானே தண்ணீரை மாற்றி மாற்றி அதையும் வெளியேற்றிவிட்டேன். வளைந்த எலும்பு பிறகு நிமிராது என்றும் சொன்னார்.

அதன் பிறகும் ஒரு முட்டாள்தனம் செய்தேன். மருந்துக் கடையில் சாதாரண அஸ்கார்பிக் அமிலம் வாங்கி மாவோடு பிசைந்து, வழக்கம்போல் இரண்டு நாள் வெயிலில் காயவைத்தேன். வெந்நீர்ச் சூட்டிலும் வெயிலிலும் காற்றிலும் அது அழிந்துவிடும். மிஞ்சியதும் மூட்டையில் கிடக்கும் வாரங்களில் போய்விடும். தீவனத்துக்கென்று பாஸ்பேட்டோடு பிணைத்த வைட்டமின் சி தனியாக விற்கிறது, அதுதான் தாங்கும். திலேப்பியாவுக்கு ஒரு கிலோ தீவனத்தில் 50 மில்லிகிராம் அளவில் தேவை என்பது ஆய்வுகளில் சொல்லப்படும் கணக்கு. நான் இழப்புக்கும் சேர்த்து இருமடங்காக, 35 சதவீத வீரியமுள்ள பொடியில் 100 கிலோ தீவனத்துக்கு 30 கிராம் சேர்க்கிறேன். பசை ஆறிய பிறகுதான் சேர்க்கிறேன், நிழலில்தான் காயவைக்கிறேன்.

புரதத்துக்கு வருகிறேன். சதுரக் கணக்கு புரதத்தின் அளவைச் சொல்லும். அதன் தரத்தைச் சொல்லாது. மீனுக்கு வேண்டியது புரதத்துக்குள் இருக்கும் அமினோ அமிலங்கள். திலேப்பியாவுக்கு 100 கிராம் புரதத்தில் அவற்றில் ஒன்றான லைசின் ஏறக்குறைய 5 கிராம் வேண்டும். கடலைப் புண்ணாக்கின் புரதத்தில் மூன்றரை கிராம் அளவில்தான் உண்டு. சோயாவில் ஆறுக்கு மேல். ஒன்று குறைந்தாலும் மற்றவை பயன்படாமல் உடைந்து அம்மோனியாவாகச் செவுள் வழியே தண்ணீருக்கே போகும். பணம் கொடுத்து வாங்கிய புரதம் குட்டையின் நஞ்சாக மாறும். சோயாவில் குறைவது மெத்தியோனின். அதை எள்ளுப் புண்ணாக்கு ஓரளவு ஈடுகட்டுகிறது. எள்ளில் லைசின் குறைவு என்பதால் அதை மட்டும் நம்பவும் முடியாது. கடலைப் புண்ணாக்கில் இன்னொரு வம்பு, மழைக்காலத்தில் பூசணம் பிடித்தால் உண்டாகும் அஃப்ளடாக்சின்; அது ஈரலைக் கெடுக்கும். பச்சைச் சோயாவை அப்படியே அரைத்துப் போட்டுவிடாதீர்கள். அதில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் உண்டு, வறுத்தோ வேகவைத்தோ சூடாக்கினால்தான் அழியும்.

கருவாட்டுத் தூளைப் பற்றி எழுதத் தொடங்கினால் எனக்குக் கோபம் வந்துவிடும், ஆனாலும் சொல்ல வேண்டும். புரதம் 45 சதவீதம் என்று சொல்லி விற்ற தூளைச் சோதனைக்குக் கொடுத்தபோது 38 வந்தது. அமிலத்தில் கரையாத சாம்பல், அதாவது வெறும் மணல், 11 சதவீதம். ஒரு மூட்டைக்கு ஐந்தரைக் கிலோ கடற்கரையை விலை கொடுத்து வாங்கியிருக்கிறேன். புரதச் சோதனையே நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கும் கணக்குதான் என்பதால், யூரியா கலந்தால்கூடத் தாளில் புரதம் ஏறும். கேட்டால், “மீன் திங்குது இல்ல, அப்புறம் என்ன சார்?” என்பார்கள். திலேப்பியா எதைத்தான் தின்னாது? அதன் இந்தக் குணத்தை வைத்துத்தான் ஊரே அதற்கு எதையும் போடலாம் என்று நினைக்கிறது. 1952-இல் இந்தியாவுக்கு வந்த பழைய ஜிலேபி ஏரியில் தானாகப் பெருகியதைப் பார்த்தவர்களுக்கு, 1988 முதல் பிலிப்பைன்ஸில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த ‘கிஃப்ட்’ என்ற திலேப்பியா இனத்துக்கும் அதே கஞ்சி போதும் என்று தோன்றுகிறது. அது வேகமாக வளர்வதால்தான் குறைபாடும் வேகமாகத் தெரிகிறது.

இப்போது நான் கலக்கும் அளவு, 100 கிலோவுக்கு: சோயாப் புண்ணாக்கு 40, எள்ளுப் புண்ணாக்கு 10, மணலில்லாத மீன் தூள் 6, தவிடு 28, மரவள்ளி மாவு 11, எண்ணெய் 2, டிசிபி (டைகால்சியம் பாஸ்பேட்) ஒன்றரை, மீனுக்கென்றே தயாரித்த வைட்டமின்-தாதுக் கலவை 1, உப்பு அரைக் கிலோ, மேலே சொன்ன வைட்டமின் சி தனி. புரதம் 29-ஐ ஒட்டி வரும். டிசிபி எதற்கு என்றால், கால்சியத்தை மீன் தண்ணீரிலிருந்தே எடுத்துக்கொள்ளும், பாஸ்பரஸைத் தீவனத்தில்தான் பெற வேண்டும். புண்ணாக்கிலும் தவிட்டிலும் இருக்கும் பாஸ்பரஸில் பெரும்பகுதி பைட்டேட்டாகக் கட்டுண்டு கிடப்பதால் மீனுக்குக் கிடைக்காது. தவிட்டை மட்டும் புதிதாக வாங்குங்கள்; எண்ணெய் எடுக்காத தவிடு சில நாட்களிலேயே சிக்கடித்துவிடும். இது 50 கிராமுக்கு மேல் வளர்ந்த மீனுக்கான கலவை. அதற்குச் சிறியவற்றுக்கு 35 முதல் 40 சதவீதப் புரதம் வேண்டும். அதை வீட்டில் கலக்க நான் துணிவதில்லை, வாங்கித்தான் போடுகிறேன்.

செலவையும் பார்த்துவிடுங்கள். என் பழைய தீவனம் கிலோ 40 ரூபாய். தார்பாலின் குட்டையில் ஒரு கிலோ மீனுக்கு 2.4 கிலோ பிடித்தது, ஆக 96 ரூபாய். அப்போது நான் வாங்கிய நிறுவன மிதவைத் தீவனம் 52 ரூபாய். ஒன்றரைக் கிலோ பிடித்தது, 78 ரூபாய். புதிய கலவை 45 ரூபாய், 1.7 கிலோ பிடித்தது, எழுபத்தாறரை ரூபாய். ஒன்றரை ரூபாய் மிச்சத்துக்கு அரைத்து, பிழிந்து, காயவைத்த எங்கள் வீட்டார் கூலியை நான் இதில் சேர்க்கவே இல்லை. கையால் பிழிந்த குருணை மூழ்கிவிடுவதால், மீன் தின்றதா இல்லையா என்பதும் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே தார்பாலின் குட்டைக்கு இப்போது வாங்கித்தான் போடுகிறேன். மண் குட்டையில் பழைய தீவனமே ஒரு கிலோ மீனுக்கு 64 ரூபாயில் முடிந்தது. அங்கே சொந்தத் தீவனம் லாபம்தான். இதெல்லாம் என் ஊர் விலை, என் குட்டை, உங்களுக்கு மாறலாம்.

முட்டைக் கோழித் தீவனத்தையே நேராகப் போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வேண்டாம். அதில் புரதம் 16 முதல் 18 தான். முட்டை ஓட்டுக்காகச் சேர்க்கும் சுண்ணாம்புக் கல் வேறு, கிடைக்கும் கொஞ்சப் பாஸ்பரஸையும் மீன் உறிஞ்சவிடாது. கோழி வைட்டமின் கலவையை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் எறிய வேண்டாம். பச்சைத் தண்ணீர் உள்ள மண் குட்டைக்கு, வைட்டமின் சி-யைத் தனியாகச் சேர்த்துப் பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள். தார்பாலின் என்றால் அதைக் கோழி வளர்ப்பவர் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். எந்தக் குட்டை, எத்தனை குஞ்சு, இப்போது என்ன எடை என்று எழுதினால், அளவை மாற்றிக் கணக்குப் போட்டுத் தருகிறேன்.