தடைக்காலமும் மே மாத விடுமுறையும்

அன்புள்ள அக்காவுக்கு,

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்தில் பிறந்து, கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்தவள் நான். அப்பா விசைப்படகு டிரைவர். விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாத தடைக்காலத்தில் மட்டும்தான் அவரை வீட்டில் பார்க்க முடியும். பள்ளி லீவும் அப்போதுதான். அதனால் தீபாவளி, பொங்கலைவிட மே மாதம்தான் எங்களுக்குப் பெரிய பண்டிகை. அப்பா கடலுக்குப் போவதை நிறுத்திய பிறகும் இரண்டு அண்ணன்களும் நானும் வருஷம் தவறாமல் மே மாதம் அம்மா வீட்டில் கூடுகிறோம். இந்த வருஷம் அண்ணன்கள், "பிள்ளைகளுக்கு அங்கே போரடிக்கிறது, கொடைக்கானலில் ரூம் போடலாம்" என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் பிள்ளைகள் அங்கே நாள் முழுக்க செல்போனைப் பார்த்தபடி கிடக்கிறார்கள் என்பதும் உண்மை. நம்முடைய ஞாபகத்துக்காக அவர்களை இழுத்துக்கொண்டு போவது சரியா?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

மண்டபத்துக்கே போங்கள். ஆனால் போன வருஷம் போன மாதிரி போக வேண்டாம்.

உங்களுக்கு வாய்த்த மே மாதம் எனக்கு வாய்க்கவில்லை. நான் பாம்பனில் வளர்ந்தபோது தடைக்காலம் என்ற ஒன்றே கிடையாது. அப்பா ராத்திரியெல்லாம் கடலில் கிடந்துவிட்டுக் காலையில் வருவார்; சாப்பிட்டதும் தூங்கிவிடுவார். அவர் தூங்கும்போது யாரும் சத்தம் போடக் கூடாது. லீவு என்றால் எங்களுக்கு அதுதான். மீன் இனப்பெருக்கத்துக்காக இந்தக் கரையில் விசைப்படகுகளுக்கு 45 நாள் தடை வந்தது 2001இல். ஏப்ரல் 15இல் தொடங்கி மே 29 வரை. முழுப்பரீட்சை லீவும் அதோடு சேர்ந்து விழுந்தது. மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று போட்ட உத்தரவில் நம் பிள்ளைகளுக்கு அப்பா கிடைத்தார்.

என் பிள்ளைகள் அந்தக் காலத்தில் வளர்ந்தவர்கள். அவர்கள் அப்பா முற்றத்து வேம்பில் வலையின் ஒரு தலைப்பைக் கட்டி, மறுபக்கத்தைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்தபடி கிழிசலைப் பொத்திக்கொண்டிருப்பார். பெரியவனுக்கு வலை ஊசியில் நைலான் நூல் சுற்றும் வேலை. அளவுக்கு மீறிச் சுற்றினால் ஊசி தடித்துப்போய் வலைக்கண்ணில் நுழையாது, திட்டு விழும். சின்னவளுக்குக் கிழிசல் தேடும் வேலை. வலையைத் தலைக்கு மேல் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, ஓட்டை கண்ட இடத்தில் ஒரு சிவப்புத் துணியை முடிந்துவிடுவாள். அப்பா கவனிக்காமல் விட்ட கிழிசலை அவள் கண்டுபிடித்துவிட்டால் அன்றைக்கு முழுக்க அந்தப் பேச்சுதான். ராமேஸ்வரம் கோயிலுக்கும் தனுஷ்கோடிக்கும் அவர்களை எத்தனையோ தடவை கூட்டிப் போயிருக்கிறோம். இன்றைக்கு ஒன்றாக உட்கார்ந்தால் அவர்கள் பேசுவது அந்தச் சிவப்புத் துணியைப் பற்றித்தான்.

உங்களுக்கும் அந்த வீட்டில் ஏதோ ஒரு வேலை இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு இப்போது அங்கே எந்த வேலையும் இல்லை. விருந்தாளியாக வருகிறார்கள், சாப்பிடுகிறார்கள், பாம்பன் பாலத்தில் படம் எடுக்கிறார்கள், போகிறார்கள். செல்போனை எடுக்காமல் வேறென்ன செய்வார்கள்?

படகு போனாலும் அப்பாவுக்குக் கை இருக்கிறது. வலை பொத்தக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். தடை விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகுகள் அப்போதும் போகும். விடிகாலையில் தாத்தாவோடு பிள்ளைகளைக் கரைக்கு அனுப்புங்கள். ஊளி எது, விளைமீன் எது, செவுளைத் தூக்கிப் பார்த்துப் பழசா புதுசா என்று எப்படிச் சொல்வது, இதையெல்லாம் அவரிடம் கேட்டு அவர்களே பேரம் பேசி வாங்கி வரட்டும். ஏமாந்து வந்தாலும் பரவாயில்லை, அந்த மீனைத்தான் அன்றைக்குக் குழம்பு வைக்க வேண்டும்.

இன்னொன்று. அம்மாவை யாராவது கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அப்பா இருக்கிறார், அண்ணன்கள் இருக்கிறார்கள், பிள்ளைகள் இருக்கிறார்கள். அம்மா இல்லை. உங்களுக்குப் பண்டிகையாக இருந்த மே மாதம் அவருக்கு வருமானம் நின்ற மாதம். இப்போது அரசு தடைக்கால நிவாரணமாகக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் தருகிறது. அதை வைத்து இரண்டு மாதம் ஓட்ட முடியாது. அந்த நாளில் எந்த நகை அடகுக்குப் போனது, யார் வீட்டு வாசலில் போய் நின்றார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. தெரியாமல் பார்த்துக்கொண்டதும் அவர்தான். இன்றைக்கும் நீங்கள் எல்லாரும் போய் இறங்கினால் அடுப்படியில் நிற்பது அவராகத்தான் இருக்கும். இது எனக்குக் கோபம் வரும் விஷயம், அதனால் நேராகவே சொல்கிறேன். மீன் கழுவி அறுப்பது, பாத்திரம் தேய்ப்பது இரண்டையும் அண்ணன்களிடம் கொடுங்கள். கடலோரத்தில் பிறந்தவர்களுக்கு அது தெரியாததல்ல. முடியாது என்றால் இந்த வழக்கத்தைத் தொடரச் சொல்லி நான் உங்களிடம் கேட்க மாட்டேன்.

அப்புறம், தடை முடிந்து படகுகள் கிளம்பும் நாள். உங்கள் வயசுக்கு அதை லீவிலேயே பார்த்திருப்பீர்கள். ஐஸும் டீசலும் ஏறுவது, படகுக்கு மாலை போடுவது, பொம்பளைகள் எல்லாம் கரையில் நிற்பது. 2017இல் தடையை 61 நாளாக்கி ஜூன் 14 வரை நீட்டிய பிறகு, பள்ளி திறந்து பிள்ளைகள் திருப்பூர் போய்ச் சேர்ந்த பிறகுதான் படகுகள் கிளம்புகின்றன. ஒரு வருஷமாவது பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டுக் கூட்டி வாருங்கள். அவர்களுடைய தாத்தா இத்தனை வருஷம் எங்கே போனார் என்பது அன்றைக்குத்தான் புரியும்.

கொடைக்கானலுக்குக் காலாண்டுப் பரீட்சை லீவில் போகலாம். மே மாத அளவுக்குக் கூட்டம் இருக்காது. அம்மாவைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். அங்கேயாவது அவர் சமைக்க வேண்டாம்.

அன்புடன்,
அக்கா