மரக்கடைக் கணக்கு: வாசகர் கேள்விகள்

சாமி மாடம் செய்ய நியாத்தோ பலகை கேட்டேன். கடைக்காரர் டன் விலை சொல்கிறார். எனக்கு வேண்டியதோ பத்தே பலகை. (செந்தூல்)

இந்த டன் எடை இல்லை, கன அளவு. நம் மலேசிய மர வியாபாரத்தில் ஒரு டன் என்றால் 50 கன அடி. அதனால்தான் ஒரு டன் செங்கால் மரம் தராசில் 1,300 கிலோ சுமாருக்கு நிற்கும். வெளிர் சிவப்பு மெராந்தி பெரும்பாலும் ஆயிரத்தைத் தொடாது.

பலகையின் கனத்தையும் (தடிமன்) அகலத்தையும் அங்குலத்தில் எடுங்கள், நீளத்தை அடியில். மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி வந்துவிடும். 1 அங்குலக் கனம், 6 அங்குல அகலம், 8 அடி நீளம் என்றால் ஒரு பலகை மூன்றில் ஒரு கன அடி. டன்னுக்கு 150 பலகை. உங்கள் பத்துப் பலகைக்கு டன் விலையில் பதினைந்தில் ஒரு பங்கு. சில்லறைக்குக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள், அது நியாயமே.

அமெரிக்க வரைபடத்தில் மரம் 24 போர்டு ஃபுட் என்று இருக்கிறது. நம் கணக்கில் எவ்வளவு? (பட்டர்வொர்த்)

12 போர்டு ஃபுட் ஒரு கன அடி. உங்களுக்கு 2 கன அடி போதும்.

ஒரு அங்குலப் பலகைக்குக் காசு கொடுத்தேன், முக்கால் அங்குலம்தான் இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா? (புக்கிட் மெர்தாஜாம்)

இல்லை. விலை போடுவது அறுத்த அளவுக்கு. மீதி இழைப்பில் சீவலாகப் போய்விட்டது. வேலை முடிந்தபின் ஒரு அங்குலம் நிற்க வேண்டுமென்றால் ஒன்றேகால் அங்குலம் அறுத்ததை வாங்குங்கள். "இழைத்ததா, அறுத்ததா?" என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

வெட்டும்போது வீணாகும் கழிவுக்கு எவ்வளவு சேர்ப்பது? (செராஸ்)

நான் 20 விழுக்காடு சேர்ப்பேன், மேசைப் பலகைக்கு 30. அம்மாவுக்கு மேசை செய்தபோது கணக்குப் போட்ட அளவே வாங்கினேன். ஒரு பலகையில் நுனி வெடிப்பு. மறுபடி போய் வாங்கிய மெராந்தி நிறமே வேறு. அந்த ஒரு பலகை இன்றும் கண்ணை உறுத்துகிறது.

ஆனால் விழுக்காட்டை மட்டும் நம்பாதீர்கள். இரண்டரை அடிக் கால் நான்கு வேண்டும் என்று வையுங்கள். கூட்டினால் 10 அடி. 7 அடிக் கட்டையில் இரண்டு கால்தான் வரும், 2 அடி வீண். 8 அடியில் மூன்று வரும், ரம்பம் வெட்டுக்கு 3 மில்லிமீட்டர் தின்றாலும் மிச்சம் இருக்கும். கடைக்குப் போகுமுன் ஒவ்வொரு துண்டையும் எந்தக் கட்டையிலிருந்து வெட்டுவீர்கள் என்று தாளில் வரைந்து எடுத்துப் போங்கள்.