ஒரு பறவையைக் கொன்றதற்கு 200 உயிரா? கோல்ரிட்ஜின் மாலுமிக்கு மன்னிப்புக் கிடைத்ததா, இல்லையா?

"ஒரு பறவையைக் கொன்றதற்கு 200 பேர் சாக வேண்டுமா? பிறகு பாம்புகளை வாழ்த்தியதும் கொன்றவனுக்கு மன்னிப்பா? இதில் என்ன நியாயம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். எம்.ஏ. ஆங்கில இலக்கியப் பாடத்துக்காகக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். சாமுவேல் டெய்லர் கோல்ரிட்ஜின் 'தி ரைம் ஆஃப் தி ஏன்ஷியன்ட் மரினர்' கவிதையைச் சுருக்கமாக மட்டும் படித்தவர்களுக்கு இந்தக் கேள்வி கட்டாயம் வரும். முழுதாகப் படித்தால் கேள்வியே மாறிவிடும். மாலுமிக்கு மன்னிப்பு நாலாம் பகுதியிலேயே வந்துவிடுகிறது. தண்டனை ஏழாம் பகுதி முடிந்த பிறகும் தொடர்கிறது. இந்த இடைவெளிதான் கவிதை.

முதலில் குற்றம். கப்பல் தென்துருவப் பனியில் சிக்கியிருக்கும்போது மூடுபனிக்குள்ளிருந்து அல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவை வருகிறது. மாலுமிகள் அதைக் கடவுளின் பெயரால் வரவேற்கிறார்கள், உணவு தருகிறார்கள். பனி பிளந்து வழி கிடைக்கிறது, தெற்கிலிருந்து நல்ல காற்று எழுகிறது. கூப்பிட்டால் வரும் அளவுக்குப் பழகிய பறவையை, அவர்களில் ஒருவனான நம் மாலுமி குறுக்குவில்லால் எய்துவிடுகிறான். அது இரைக்காகச் செய்த வேட்டை இல்லை, வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கொன்ற செயல். செய்யுளின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் உரைநடை விளக்கமான ஓரக்குறிப்பும் விருந்தோம்பலை மீறிய கொலை என்றுதான் சொல்கிறது. ஏன் கொன்றான் என்பதற்குக் கவிதை ஒரு வரிகூடத் தரவில்லை. இத்தனைக்கும் காரணம் ஒன்று கையிலேயே இருந்தது. இந்தக் கருவை 1797 நவம்பர் நடைப்பயணத்தில் எடுத்துக்கொடுத்தவர் நண்பரான கவிஞர் வேர்ட்ஸ்வொர்த். ஜார்ஜ் ஷெல்வாக் 1726இல் வெளியிட்ட பயண நூலில் சைமன் ஹாட்லி என்பவர் ஒரு கறுப்பு அல்பட்ராஸைச் சுடுகிறார்; அது அபசகுனம் என்ற எண்ணம்தான் காரணம். கோல்ரிட்ஜ் நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு காரணத்தை விட்டுவிட்டார். நியாயப்படுத்த எதுவுமில்லாத குற்றம்தான் அவருக்கு வேண்டியிருந்தது.

அடுத்து, கப்பலில் உடனிருந்த அந்த 200 மாலுமிகள். அவர்கள் ஒன்றும் அறியாதவர்கள் இல்லை. காற்றைக் கொண்டுவந்த பறவையைக் கொன்றுவிட்டாயே என்று முதலில் திட்டுகிறார்கள். மூடுபனி விலகி வெயில் வந்ததும், பனியைக் கொண்டுவந்த பறவையைக் கொன்றது சரிதான் என்கிறார்கள். இரண்டு பேச்சுக்கும் அளவுகோல் அவர்கள் வசதி மட்டுமே. இதனால் அவர்களும் குற்றத்தில் பங்காளிகள் ஆகிறார்கள் என்று ஓரக்குறிப்பு தீர்ப்பு சொல்கிறது. ஆனால் அதை மட்டும் நம்பிப் பதில் எழுதாதீர்கள். கவிதை வெளிவந்தது 1798இல், 'லிரிக்கல் பாலட்ஸ்' தொகுப்பில். ஓரக்குறிப்புகள் சேர்ந்தது 1817இல், 'சிபிலைன் லீவ்ஸ்' தொகுப்பில். பழங்காலப் பண்டிதர் ஒருவர் எழுதியதுபோன்ற குரலில், 19 ஆண்டு கழித்துக் கவிஞரே சேர்த்தவை அவை. அந்தக் குரல் எல்லாவற்றையும் ஒழுங்கான தர்மக் கணக்காக ஆக்கப் பார்க்கிறது. செய்யுள் அதற்கு ஒத்துழைக்கவில்லை. யார் சாவது, யார் பிழைப்பது என்பதை முடிவு செய்வது நீதிபதி அல்ல, பேய்க்கப்பலில் மரணமும் 'சாவில் வாழ்வு' என்ற பெண்ணும் உருட்டும் பகடை. அவள் மாலுமியை வென்றெடுக்கிறாள்; மற்றவர்கள் ஒவ்வொருவராகச் செத்து விழுகிறார்கள். வினைக்கேற்ற பயன் என்று நாம் பழகிய கணக்கை இங்கே பொருத்தினால் விடை வராது.

தண்டனை எங்கே போகிறது என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. ஒவ்வொரு பகுதியின் கடைசி வரிகளை மட்டும் வரிசையாக எழுதிப் பாருங்கள். முதல் பகுதி: பறவையை எய்தேன். இரண்டாவது: சிலுவைக்குப் பதில் பறவை கழுத்தில் தொங்கவிடப்பட்டது. மூன்றாவது: ஒவ்வொரு உயிரும் என் வில்லின் விர்ரென்ற ஓசைபோல என்னைக் கடந்தது. நான்காவது: பறவை கழுத்திலிருந்து கழன்று ஈயம்போல் கடலில் மூழ்கியது. இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் ஐந்தாவது, இவன் பிராயச்சித்தம் செய்தான், இன்னும் செய்வான் என்று முடிகிறது. ஆறாவதில், படகில் வரும் துறவி என் ஆன்மாவிலிருந்து பறவையின் ரத்தத்தைக் கழுவிவிடுவார் என்று நம்புகிறான். கடலில் மூழ்கிய பறவையின் ரத்தம் இன்னும் போகவில்லை.

நீர்ப்பாம்புகளை வாழ்த்தும் இடத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். ஏழு பகல், ஏழு இரவு செத்தவர்களின் கண்களில் சாபத்தைப் பார்த்தபடி அவன் நிற்கிறான். பிரார்த்திக்க முயன்றும் வரவில்லை. நெஞ்சு தூசியாய் உலர்ந்து கிடக்கிறது. சற்றுமுன் அருவருத்த அதே வழுவழுத்த உயிர்கள் நிலவொளியில் நீலமும் பச்சையும் கருமையுமாய் மின்னுகின்றன. மனசில் அன்பு ஊற்றெடுக்கிறது. தன்னை அறியாமல் வாழ்த்துகிறான். 'அறியாமல்' என்பதைக் கவிஞர் இரண்டு முறை சொல்கிறார். அம்பு எப்படிக் காரணமில்லாமல் போனதோ, வாழ்த்தும் அப்படியே தீர்மானமில்லாமல் வருகிறது. ஆகவே இதை "நல்லது செய்தான், மன்னிப்புக் கிடைத்தது" என்று எழுதுவது தவறு. அவன் சம்பாதித்தது இல்லை, அருளப்பட்டது.

அதற்குப் பிறகு தூக்கம், மழை, பிணங்கள் எழுந்து பாய்க்கயிறு இழுப்பது, எல்லாம் சொந்த ஊரை நோக்கி. ஆறாம் பகுதியில் ஓரக்குறிப்பு, சாபம் ஒருவழியாகத் தீர்ந்தது என்று அறிவிக்கிறது. அதே இடத்தில் செய்யுள் என்ன சொல்கிறது? ஆளில்லாத சாலையில், பின்னால் பயங்கரமான ஒன்று வருகிறது என்று தெரிந்து, திரும்பிப் பாராமல் நடப்பவனைப்போல இருந்தேன் என்கிறான். பிறகு துறவியிடம் பாவமன்னிப்புக் கேட்கிறான். துறவி நெற்றியில் சிலுவைக்குறி இட்டு, "நீ எப்படிப்பட்ட மனிதன், சொல்" என்கிறார். அவ்வளவுதான்! 'மன்னித்தேன்' என்று துறவி சொல்லும் வார்த்தை கவிதையில் எங்கும் இல்லை. வேதனை முறுக்க அவன் கதையைச் சொல்கிறான், விடுபடுகிறான். மீண்டும் எப்போதென்று தெரியாத ஒரு நேரத்தில் அதே வேதனை வருகிறது. நாடு நாடாகப் போய், கேட்டே ஆக வேண்டிய ஆளை முகத்தைப் பார்த்தே கண்டுகொண்டு சொல்கிறான்.

வேர்ட்ஸ்வொர்த்தே இதைக் குறை சொன்னாரே என்று யாராவது கருத்திடுவார்கள். உண்மைதான். மாலுமி எதையும் செய்வதில்லை, அவனுக்கு எல்லாம் நேர்கிறது என்று 'லிரிக்கல் பாலட்ஸ்' 1800 பதிப்பில் எழுதினார். குற்றத்தின் பாரத்தைச் சுமப்பவனின் நிலை அதுதானே? கவிதையில் நீதிபோதனை இல்லை என்று எழுத்தாளர் திருமதி பார்பால்ட் சொன்னபோது கோல்ரிட்ஜின் பதில், நீதிபோதனை அதிகமாகிவிட்டது என்பதுதான். பேரீச்சங்கொட்டையை எறிந்த வணிகனிடம், உன் கொட்டை என் மகன் கண்ணைக் குருடாக்கிவிட்டது என்று ஜின் என்ற பூதம் வந்து நிற்கும் அரேபிய இரவுக் கதையை உதாரணம் காட்டினார்.

கேள்விக்கு நேரடித் தொடர்பில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். மாணவர்கள் வாங்கும் வழிகாட்டிகள் பலவும் "எல்லா உயிரையும் நேசிப்பவனே நன்றாகப் பிரார்த்திக்கிறான்" என்ற கடைசிப் பகுதி வரிகளையே மையக்கருத்து என்று அச்சிட்டுவிடுகின்றன. அதோடு கவிதையின் 1798 வடிவத்தையும் பிந்தைய வடிவத்தையும் கலந்து, எந்தப் பதிப்பு என்றும் சொல்வதில்லை. 'சாவில் வாழ்வு' என்ற பெயரே 1798இல் கிடையாது. எந்த வடிவம் என்று அடையாளம் காட்டாமல் பிள்ளைகளிடம் விமர்சனம் கேட்பது அநியாயம்.

ஒப்பிட இரண்டு கவிதைகள் போதும். வேர்ட்ஸ்வொர்த்தின் 'பீட்டர் பெல்' 1798இல் எழுதி 1819இல் வந்தது. அதில் முரடன் ஒருவன், இறந்த எஜமானன் அருகே நிற்கும் கழுதையால் மனம் திரும்பி, பத்து மாத மனவாட்டத்துக்குப் பின் நல்லவனாகிவிடுகிறான். கணக்கு முடிந்துவிடுகிறது. பைரனின் 'தி ஜியாவுர்' (1813) நாயகன் மடத்தில் துறவியிடம் எல்லாம் சொல்கிறான், ஆனால் கொன்றதற்கு வருந்தவும் இல்லை, மன்னிப்பு கேட்கவும் இல்லை. கோல்ரிட்ஜின் மாலுமி இரண்டுக்கும் நடுவில்: வருந்துகிறான், கேட்கிறான், பாதி கிடைக்கிறது. உங்கள் விடைத்தாளில் நாலாம் பகுதி வாழ்த்தையும் ஆறாம் பகுதிச் சாலை உவமையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுங்கள். ஓரக்குறிப்பை மேற்கோள் காட்டினால் 1817 என்று ஆண்டைக் குறிப்பிடுங்கள்.