பில் போடும் வரிசையில் யாருக்கு முதலிடம்?

கேள்வி: மளிகை அங்காடியில் நான் நிற்கும் வரிசை மட்டும் எப்போதும் ஊர்ந்தே போகிறது. எந்த வரிசையைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: உங்கள் ராசி மேல் பழி போடாதீர்கள். சம நீளத்தில் மூன்று வரிசைகள் இருந்தால், உங்களுடையது முந்துவதற்கு மூன்றில் ஒரு வாய்ப்புதான். பிந்திய நாட்கள் மனத்தில் தங்கிவிடுகின்றன, அவ்வளவே. வரிசையின் நீளத்தைப் பார்க்கும்போது தள்ளுவண்டி நிறைந்திருப்பதைவிட ஆட்களின் எண்ணிக்கையைக் கவனியுங்கள். பணம் கட்டுவது, மீதி வாங்குவது, பையைத் தூக்குவது எல்லாம் இரண்டு பொருள் வாங்கியவருக்கும் உண்டு. கூடையோடு ஐந்து பேர் நிற்கும் வரிசையைவிட, நிறைந்த வண்டியோடு ஒருவர் நிற்கும் வரிசை பல நேரம் சீக்கிரம் நகரும்.

உண்மையான தீர்வு அங்காடியின் கையில்தான் இருக்கிறது. எல்லோரும் ஒரே வரிசையில் நின்று, எந்தக் கல்லா காலியாகிறதோ அங்கே முதலில் நிற்பவர் போக வேண்டும். பின்னால் வந்தவர் முன்னால் போகும் கொடுமை அதில் இல்லை. காத்திருப்பைக் கணக்கில் அடக்கும் முயற்சி 1909-இலேயே தொடங்கிவிட்டது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங், அழைப்புகளின் நெரிசலைப் பற்றி அந்த ஆண்டு எழுதினார். இத்தனை காலத்துக்குப் பிறகும் இந்த எளிய ஏற்பாட்டைச் செய்யாத அங்காடிகளிடம் நாம்தான் கேட்க வேண்டும். நிர்வாகத்துக்கு எழுதுங்கள்.

கேள்வி: அலமாரியில் ஒரு விலை, பில்லில் கூடுதல் விலை. பின்னால் நிற்பவர்கள் முணுமுணுத்ததால் பேசாமல் கட்டிவிட்டு வந்தேன். செய்தது சரியா?

பதில்: இல்லை. அவர்களுடைய அவசரத்துக்காக உங்கள் பணத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் காசாளரோடு சண்டையிடுவதும் வீண். பார்கோடு முதன்முதலில் அங்காடிக் கல்லாவில் படிக்கப்பட்டது 1974 ஜூன் 26 அன்று, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில். அன்றிலிருந்து முறை ஒன்றுதான்: கோட்டில் பொதுவாக விலை இருக்காது, பொருளின் எண்தான் இருக்கும், விலை அங்காடியின் கணினியிலிருந்து வருகிறது. கணினியில் விலையை மாற்றியவர்கள் அலமாரிச் சீட்டை மாற்ற மறந்திருப்பார்கள். கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் அதற்குப் பொறுப்பாளி அல்ல. பெரும்பாலும் மாற்றும் அதிகாரமும் அவருக்கு இருக்காது.

"இந்த ஒன்றை மட்டும் தனியே வைத்துவிட்டு மற்றதுக்குப் பில் போடுங்கள்" என்று சொல்லுங்கள். வரிசை நகரும். பிறகு அலமாரிச் சீட்டைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, வாடிக்கையாளர் சேவை மேசையில் நிதானமாகக் கேளுங்கள். கட்டிய பிறகு கவனித்தாலும் பில்லோடு திரும்பிப் போகலாம், கூச்சமே வேண்டாம். பில்லை வாசலிலேயே கசக்கி எறிபவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பதைக்கிறது.

கேள்வி: முன்னால் இருந்தவர் கூடையை வரிசையில் வைத்துவிட்டு, மறந்த பொருளை எடுக்கப் போய்விட்டார். நான் முந்தலாமா?

பதில்: தாராளமாக. வரிசையில் இடம் ஆளுக்குத்தான், கூடைக்கு இல்லை. உங்கள் முறை வருவதற்குள் அவர் திரும்பிவிட்டால் இடத்தைக் கொடுத்துவிடுங்கள். வராவிட்டால் கூடையை ஓரமாக நகர்த்திவிட்டு நீங்கள் போங்கள். புதிதாக ஒரு கல்லா திறந்தால் மட்டும் கடைசியில் நிற்பவர் பாய்ந்து ஓடக் கூடாது. அடுத்து நிற்பவரிடம் "நீங்கள் போகிறீர்களா?" என்று கேட்ட பிறகே நகர வேண்டும்.