"திங்கள் காலை கொண்டு வா"

அன்புள்ள அக்காவுக்கு,

மூதூர்ப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் ஆறு வருடங்களாகக் கணிதம் படிப்பிக்கிறேன். இந்த வருடம் அதிபர் என்னை நூலகத்துக்குப் பொறுப்பாகப் போட்டுவிட்டார். ஆசிரியர் வராத வகுப்புகளுக்கும் நான்தான் போகிறேன். அந்த நேரமெல்லாம் நூலகம் பூட்டு. திறந்திருக்கும்போது வருகிற பிள்ளைகளும் கடந்தகால வினாத்தாள் கேட்டுத்தான் வருகிறார்கள். புத்தகம் தொலைந்தால் கணக்கெடுப்பில் நான் பதில் சொல்ல வேண்டும் என்பதால் கண்ணாடி அலுமாரிகளையும் பூட்டியே வைத்திருக்கிறேன். "கணக்கு ரீச்சருக்கு ஓய்வு கிடைச்சிட்டுது" என்கிறார்கள். ஒரு நூலகரால் ஒரு பிள்ளைக்கு உண்மையில் என்ன செய்துவிட முடியும்? திரும்பவும் வகுப்புக்கே விடச் சொல்லிக் கேட்கவா?

ஓர் ஆசிரியை

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்களைப் போலவே கேட்ட இன்னொரு கணித ஆசிரியர் இருந்தார். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் படிப்பித்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். சில நாட்களிலேயே அலுத்துப்போய், பழைய வேலைக்கே விட்டுவிடுங்கள் என்று போய் நின்றார். முதலில் லண்டன் போய் நூலகவியல் படித்து வாருங்கள், பிறகு பார்க்கலாம் என்றார்கள். போனவர் அங்கே நூலகம் நூலகமாக ஏறி இறங்கினார். திரும்பி வந்தபின் வகுப்பறையைக் கேட்கவில்லை. 1931இல் அவர் எழுதிய ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. ஒரு காலத்தில் ஐரோப்பாவில் புத்தகங்களைத் தட்டோடு சங்கிலி போட்டுப் பிணைத்திருந்த கதையை அந்த விதியோடு சேர்த்துத்தான் சொல்கிறார். உங்கள் கண்ணாடி அலுமாரியைப் பற்றி வாசித்தபோது எனக்கு அந்தச் சங்கிலிதான் கண்ணில் வந்தது.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தப் பூட்டுக்குள் என்ன பயம் இருக்கிறது என்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்தவள்.

தொண்ணூறுகளில் அப்பா சவூதியில், தம்மாமில் வேலைக்குப் போயிருந்தார். நாங்கள் திருகோணமலை உவர்மலையில் பெரியம்மா வீட்டில் இருந்தோம். தரம் எட்டில் படித்த எனக்கு இடைவேளை என்றால் நூலகம், நூலகம் என்றால் ஒரு பெரிய அட்லஸ். ஆசியாப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு மணி அடிக்கும் வரை இருப்பேன். மற்றப் பாட ஆசிரியர்களுக்கு நான் எத்தனை புள்ளி எடுக்கிறேன் என்று தெரியும். நூலக ரீச்சருக்கு மட்டும் நான் எந்தப் பக்கத்தைத் திறக்கிறேன் என்று தெரிந்திருந்தது. ஏன் என்று அவர் ஒரு நாளும் கேட்கவில்லை.

அட்லஸ், அகராதி எல்லாம் இரவல் கொடுக்காத புத்தகங்கள். ஒரு வெள்ளிக்கிழமை பாடசாலை விடும் நேரம், அதை ஒரு பொலித்தீன் பையில் சுற்றி என் கையில் தந்தார். "திங்கள் காலை கொண்டு வா" என்றார். அவ்வளவுதான். அன்று இரவு லாம்பு வெளிச்சத்தில் அம்மா முதல்முறையாகத் தம்மாமைப் பார்த்தார். திருகோணமலையில் பெருவிரலை ஊன்றிச் சின்னவிரலை நீட்டினார். ஒரு சாண்கூட வரவில்லை. "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு, கையை எடுக்காமல் கனநேரம் அப்படியே இருந்தார்.

அந்தத் தவணை முழுக்க வெள்ளிக்கிழமைகளில் அட்லஸ் எங்கள் வீட்டுக்கு வந்தது. ஆசியாப் பக்கம் மடிப்பில் கிழிந்து கையோடு வந்துவிட்டது. சோற்றுப் பசையால் ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தார், மேசையில் வைத்தார். அந்த வருடக் கணக்கெடுப்பில் அதற்கு என்ன பதில் சொன்னாரோ, எனக்குத் தெரியாது. அடுத்த வருடமும் அவர் மேசைக்கு முன்னால்தான் இருந்தேன். இன்றைக்கு நான் எழுதுகிறேன் என்றால், அதில் அந்தக் கிழிந்த பக்கத்துக்கும் பங்கு இருக்கிறது.

ஆகவே வகுப்புக்குத் திரும்பக் கேட்காதீர்கள் என்றுதான் சொல்வேன். கேட்க வேண்டியது வேறு. நூலகப் பொறுப்பாளரை வெற்று வகுப்புக்கு அனுப்பும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லி அதிபரிடம் எழுத்தில் கேளுங்கள். உடனே நடக்காது. அதுவரைக்கும் தரம் பத்து, பதினொன்று பிள்ளைகள் நாலு பேரைப் பழக்கி எடுங்கள். நீங்கள் இல்லாத நேரம் கதவு திறந்திருக்கும். கிழிந்ததைக் கிழிந்தது என்று எழுதிக் கணக்கிலிருந்து நீக்க வழி இருக்கிறது. புத்தம் புதிதாகத் தூசி பிடித்து நிற்கிற புத்தகத்தைத்தான் எந்தக் கணக்கெடுப்பும் குறையாக எழுதுவதில்லை. எனக்கு அதுதான் பெரிய குறை. ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில் பேச்சுப்போட்டி, பரிசு, பதாகை எல்லாம் நடத்திவிட்டு நவம்பரில் அலுமாரியைப் பூட்டுகிற பாடசாலைகளைப் பார்த்தால் மனம் நோகிறது.

வினாத்தாளுக்கு வருகிற பிள்ளையை விட்டுவிடாதீர்கள். அவன் வாசல்படி தாண்டி உள்ளே வந்துவிட்டான், மீதி உங்கள் கையில். வினாத்தாள் கட்டுக்குப் பக்கத்தில் நம் ஊர்ப் புத்தகங்களை வையுங்கள். 1895இல் 'மோகனாங்கி' நாவலை எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை திருகோணமலைக்காரர் என்பதும், அவரே சென்னையில் நூலகப் பணியில் இருந்தவர் என்பதும் நம் பிள்ளைகள் எத்தனை பேருக்குத் தெரியும்? அச்சில் கிடைக்காத ஈழத்துப் புத்தகங்களும் பழைய சஞ்சிகைகளும் 'நூலகம்' இணையத்தளத்தில் காசில்லாமல் வாசிக்கக் கிடைக்கின்றன. ஒரு கைத்தொலைபேசி போதும்.

மாரி மழை தொடங்க முன்னர் ஒருநாள் மூதூருக்கு வரலாம் என்றிருக்கிறேன். கொஞ்சம் புத்தகங்கள் கொண்டு வருகிறேன். என்ன வேண்டும் என்று பட்டியல் அனுப்புங்கள். ஆனால் அதை நீங்கள் எழுத வேண்டாம். பிள்ளைகளிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, அவர்கள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத்துப்பிழைகளைத் திருத்தாமல் அப்படியே அனுப்பினால் போதும்.

அன்புடன்,
அக்கா